ஸ்லேக்கிங்கை வைத்துக் கதையை முடிப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்லேக்கிங் நார்மல் வகைப் போக்கிமான். இங்கே சொல்வதெல்லாம் போக்கிமான் ரூபி, சஃபையர் (2002), எமரால்டு (2004) ஆட்டங்களுக்கானது. ஜிம் லீடர்களின் லெவல்கள் எமரால்டில் இருப்பவை. ஓய்வு நேரத்தில் ஆடி எலீட் ஃபோர் என்ற கடைசி நால்வரைத் தாண்ட நினைப்பவர்களுக்காக எழுதியது. போட்டி ஆட்டக் கணக்கு வேறு.

ஸ்லேக்கிங்குக்கு அப்படி என்ன பலம்? என்ன குறை?

பேஸ் ஸ்டாட் கூட்டுத்தொகை 670. அட்டைப்பட நாயகர்களான க்ரவுடனுக்கும் கயோகருக்கும் அதே 670தான். ஹெச்பி 150, அட்டாக் 160, டிஃபன்ஸ் 100, ஸ்பீட் 100. சாதாரணக் காட்டில், முதல் ஜிம்முக்கு முன்பே பிடிக்கக்கூடிய ஸ்லேகோத் என்ற குட்டியிலிருந்து (18-ஆம் லெவலில் விகரோத், 36-இல் ஸ்லேக்கிங்) வளர்வதற்கு இது அநியாய பலம்.

அதற்கு விலை, ட்ரூவண்ட் என்ற அபிலிட்டி. ஒரு டர்ன் அடிக்கும், அடுத்த டர்ன் சும்மா உட்கார்ந்திருக்கும். இன்னொரு பலவீனமும் உண்டு, அதை யாரும் கவனிப்பதில்லை: ஸ்பெஷல் டிஃபன்ஸ் 65தான். சோம்பி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் சர்ஃப், தண்டர்போல்ட் போன்றவை விழுந்தால் நன்றாகவே வலிக்கும்.

ட்ரூவண்ட் எதை வைத்து எண்ணுகிறது?

நீங்கள் கொடுத்த அட்டாக்கை அல்ல, டர்னை. சண்டையின் முதல் டர்னில் அடிக்கும், இரண்டாவதில் சோம்பும், மூன்றாவதில் அடிக்கும். அடி தவறிப்போனாலும், எதிரி ப்ரொடெக்ட் போட்டுத் தடுத்தாலும், பாரலிசிஸால் அசைய முடியாமல் போனாலும் அந்த டர்ன் செலவானதுதான். அடுத்தது சோம்பல் டர்ன். ஒரு அடி வீணானால் இரண்டு டர்ன் வீண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதிலேயே நமக்குச் சாதகமான விஷயமும் இருக்கிறது. சோம்பல் டர்னில் நீங்கள் பையைத் திறந்து பொருளைப் பயன்படுத்தினால், அதுவே சோம்பல் டர்னாகக் கணக்கில் கழிந்துவிடும். அடுத்த டர்னில் ஸ்லேக்கிங் அடிக்கும். வெளியே எடுத்து மறுபடி இறக்கினாலும் கணக்கு புதிதாகத் தொடங்கும்: இறங்கிய டர்ன் போக, அடுத்த டர்னில் அடி.

சரி, அந்தச் சோம்பல் டர்னில் என்னதான் செய்வது?

அட்டாக்கைத் தவிர வேறு எதையாவது தேர்ந்தெடுங்கள். ஸ்லேக்கிங் பிடிக்கவில்லை என்று சொல்பவர்களில் பாதிப்பேர் இரண்டு டர்னிலும் ஏ பட்டனையே தட்டிக்கொண்டிருந்தவர்கள்.

முதல் வழி மருந்து. சூப்பர் போஷன் 50 ஹெச்பி, ஹைப்பர் போஷன் 200 ஹெச்பி தரும். 40-ஆம் லெவல் ஸ்லேக்கிங்கின் மொத்த ஹெச்பியே ஏறத்தாழ 175தான், ஆக ஒரு ஹைப்பர் போஷனில் முழுதாக நிரம்பிவிடும். மற்ற போக்கிமானுக்கு மருந்து போட்டால் ஒரு அடியை இழக்கிறீர்கள். இதற்குப் போட்டால் இழப்பே கிடையாது. ஸ்லாக் ஆஃப் கற்றுக்கொடுத்து அடிக்கும் டர்னில் பாதி ஹெச்பி ஏற்றிக்கொள்பவர்கள் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள்.

இரண்டாவது எக்ஸ் அட்டாக், எக்ஸ் ஸ்பீட் வகைப் பொருட்கள். இரண்டு மூன்று போக்கிமான்களை வரிசையாக வீழ்த்த வேண்டிய சண்டையில் முதல் சோம்பல் டர்னிலேயே ஒன்று போட்டுவிடுங்கள். மூன்றாவது, வேறொரு போக்கிமானுக்கு மாறுவது. எதிரி என்ன அடிப்பான் என்று ஊகிக்க முடிந்தால் இதுதான் சிறந்த வழி. நான்காவதாக, கீழே விழுந்து கிடக்கும் துணைக்கு ரிவைவ் கொடுக்கலாம். இதற்கும் இதைவிட நல்ல நேரம் வராது.

ஆப்ஷன்ஸில் பேட்டில் ஸ்டைல் ஷிஃப்ட்டா, செட்டா?

ஷிஃப்ட். கூச்சமே வேண்டாம். எதிரியின் ஒரு போக்கிமான் விழுந்ததும், அடுத்தது என்ன வரப்போகிறது என்று சொல்லி, மாற்றுகிறீர்களா என்று கேட்கும் முறை அது. ஸ்லேக்கிங் ஒரே அடியில் ஒன்றை வீழ்த்தியதும் அடுத்து வருவது சோம்பல் டர்ன். அந்தக் கேள்விக்கு ஆம் சொல்லித் துணையை இறக்குங்கள். அது ஒன்றை வீழ்த்தியதும் மறுபடி ஆம் சொல்லி ஸ்லேக்கிங்கை இறக்குங்கள். இப்படி இறங்கும்போது எதிரிக்கு இலவச அடி கிடைப்பதில்லை, அடுத்த டர்னிலேயே ஸ்லேக்கிங் அடிக்கும். மாறி மாறி இறக்கினால் ட்ரூவண்ட் இருப்பதே தெரியாது.

எங்கே பிடிப்பது?

பெட்டல்பர்க் வுட்ஸ். ஸ்லேகோத் அங்கே 5 சதவீதம்தான் வரும். சராசரியாக 20 சந்திப்புக்கு ஒன்று என்று அர்த்தம், 20-க்குள் கட்டாயம் வரும் என்று அல்ல. 20 சந்திப்பு முடிந்தும் பார்க்காமல் இருக்க 36 சதவீத வாய்ப்பு உண்டு. 45 முடிந்தும்கூடப் பத்தில் ஒருவருக்கு வந்திருக்காது. பிடிப்பது சுலபம்: கேட்ச் ரேட் 255, அதாவது ஆட்டத்திலேயே மிக எளிதான வகை. சாதாரண போக்கே பால் போதும். அடித்து வலுவிழக்கச் செய்யப்போய்க் கொன்றுவிடாதீர்கள், வந்தவுடனே பந்தை எறியுங்கள்.

ஸ்லேகோத்தை 18-ஆம் லெவல் வரை இழுப்பது பெரும்பாடாக இருக்கிறதே?

ஆமாம், இந்த வழியில் மோசமான பகுதி அதுதான். பேஸ் கூட்டு 280, ஸ்பீட் 30, அதற்கு மேல் ட்ரூவண்ட். ராக்ஸேனின் பாறைகளுக்கு எதிரே ஸ்க்ராட்ச் எடுபடாது. ப்ராலி அடிப்பது ஃபைட்டிங் வகை. இரண்டு ஜிம்மிலும் இதை இறக்கவே வேண்டாம்.

முன்னால் நிறுத்திச் சண்டையைத் தொடங்கி, முதல் டர்னிலேயே மாற்றி, வேறொன்றை வைத்து முடியுங்கள். அனுபவப் புள்ளியில் பாதி வந்துவிடும். ஸ்டீவனுக்குக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு ரஸ்ட்போரோ திரும்பினால் டெவான் தலைவர் எக்ஸ்ப் ஷேர் தருவார். அதை இதற்கே மாட்டுங்கள். லெவல் ஏறும் வேகத்தில் இந்த வம்சம் ஸ்லோ குழுவைச் சேர்ந்தது. 36-ஆம் லெவலைத் தொட 58,320 புள்ளி வேண்டும், மீடியம் ஃபாஸ்ட் குழுவுக்கு 46,656 போதும். அதனால் மற்றவற்றைவிட ஒன்றிரண்டு லெவல் பின்தங்கினால் உங்கள் தவறு என்று நினைக்க வேண்டாம்.

விகரோத்தாகவே வைத்துக்கொள்ளக் கூடாதா? அதற்கு ட்ரூவண்ட் கிடையாதே?

நியாயமான கேள்வி. 40-ஆம் லெவலில், சாதாரண நேச்சர், நடுத்தர ஐவி (பிறவிப் பலம்), ஈவி (பயிற்சிப் பலம்) இல்லாமல் கணக்கிட்டால் ஸ்லேக்கிங்கின் அட்டாக் 139, விகரோத்தின் அட்டாக் 75. விகரோத் இரண்டு டர்னில் இரண்டு முறை அடித்தால் 75-உம் 75-உம் 150. ஸ்லேக்கிங் ஒரே முறை அடித்தால் 139. நீண்ட சண்டையில் ஏறக்குறைய சமம், விகரோத் ஒரு முடி முன்னால்.

ஆனால் கதை ஆட்டத்தில் பெரும்பாலான எதிரிகள் அந்த ஒரே அடியில் விழுந்துவிடுவார்கள். விழுந்த எதிரி திருப்பி அடிப்பதில்லை. விகரோத் இரண்டாம் அடிக்குக் காத்திருக்கும் இடைவெளியில் எதிரிக்கு ஒரு முறை கை கிடைக்கிறது. ஹெச்பியிலும் 176-க்கு 120 என்ற வித்தியாசம். ஆக, எதிரி ஒரே அடியில் விழுவான் என்றால் ஸ்லேக்கிங், இழுத்தடிப்பான் என்றால் விகரோத். மாற்றி மாற்றி இறக்கும் வேலை பிடிக்காது, ஒரே போக்கிமானை வைத்து நேராக அடித்துக்கொண்டு போக வேண்டும் என்றால், 36-இல் பி பட்டனை அழுத்தி விகரோத்தாகவே வைத்திருங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

இடையே ஒரு சிறு வயிற்றெரிச்சல்: ஐந்தாம் ஜிம்மில் உங்கள் அப்பா நார்மனின் ஸ்லேக்கிங் 31-ஆம் லெவலில் நிற்கும். உங்களுக்கு மட்டும் 36. அப்பாவுக்குத் தனிச் சட்டம் போலிருக்கிறது.

உருமாறும்போது எந்த மூவை விட்டுவிடக் கூடாது?

ஸ்லாஷ். விகரோத் 31-ஆம் லெவலில் கற்கும். ஸ்லேக்கிங்கின் பட்டியலில் அது கிடையாது, அதனால் பிறகு ஃபாலர்பர் ஊரில் மறந்த மூவைத் திரும்பக் கற்றுத்தருபவரிடம் ஹார்ட் ஸ்கேல் கொடுத்தாலும் திரும்ப வராது. யான், ஸ்லாக் ஆஃப் இரண்டும் ஸ்லேக்கிங்கின் பட்டியலில் உண்டு. அழித்துவிட்டாலும் ஹார்ட் ஸ்கேல் கொடுத்துத் திரும்ப வாங்கலாம்.

எந்த நான்கு மூவ்?

மூன்றாம் தலைமுறையில், அதாவது இந்த ஆட்டங்களில், அடி பிசிக்கலா (அட்டாக்கைப் பயன்படுத்துவது) ஸ்பெஷலா (ஸ்பெஷல் அட்டாக்கைப் பயன்படுத்துவது) என்பதை வகைதான் தீர்மானிக்கும். நார்மல், ஃபைட்டிங், க்ரவுண்ட், கோஸ்ட், ஃப்ளையிங் எல்லாம் பிசிக்கல். டார்க் வகை ஸ்பெஷல். அதனால் ஃபெயிண்ட் அட்டாக் 160 அட்டாக்கைப் பயன்படுத்தாது. நினைப்பதைவிட மெதுவாகத்தான் விழும்.

முதல் இடம் நம்பகமான நார்மல் அடிக்கு. 111-ஆம் பாதையில் இலவசமாகக் கிடைக்கும் சீக்ரட் பவர், நார்மன் தரும் ஃபசாட் இரண்டுமே 70 பவர். மவுண்ட் சிம்னியில் கிடைக்கும் மீட்டியோரைட்டை ஃபாலர்பரில் காஸ்மோவிடம் கொடுத்தால் ரிட்டர்ன் வரும்; நட்பு முழுதாக இருந்தால் 102 பவர். நட்பு 175-ஐத் தாண்டினால்தான் ரிட்டர்ன் 70-ஐ மிஞ்சும், அதனால் அடிக்கடி மயங்கி விழுந்த ஸ்லேக்கிங்குக்கு அவசரப்பட்டுப் போட வேண்டாம். வெர்டன்டர்ஃபில் நட்பைப் பார்த்துச் சொல்லும் பெண்மணியிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

ஃபசாட் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. விஷம் அல்லது பாரலிசிஸ் இருந்தால் பவர் 140 ஆவது உண்மை. தீக்காயத்திலும் 140 ஆகும், ஆனால் இந்த ஆட்டங்களில் தீக்காயம் பிசிக்கல் அடியைப் பாதியாக்கும். 140-இல் பாதி 70. ஆதாயம் ஒன்றும் இல்லை.

அடுத்து மவுண்ட் பைரில் கிடைக்கும் ஷேடோ பால். நார்மல் படாத கோஸ்ட் வகைக்கு அதுவே பதில். ஸீஃப்ளோர் கேவர்னில் கிடைக்கும் எர்த்க்வேக், ஸ்டீலுக்கும் ராக்குக்கும். இவற்றைக் கற்றுத்தரும் பொருட்களான டிஎம்கள் ஒரு முறைதான் பயன்படும், எர்த்க்வேக்கை யாருக்குத் தருவது என்று முன்பே முடிவு செய்யுங்கள். நான்காவது இடம் ஹைப்பர் பீமுக்கோ வினோனா தரும் ஏரியல் ஏஸுக்கோ. ப்ரிக் ப்ரேக் தேவையில்லை. ஐஸ் வகைக்கு எதிரே அது 75-இன் இருமடங்கு, 150. முழு நட்பு ரிட்டர்ன் தன் வகை போனஸோடு (ஒன்றரை மடங்கு) 153.

ஹைப்பர் பீம் போட்டால் ஓய்வு டர்னும் சோம்பல் டர்னும் சேர்ந்து இரண்டு டர்ன் போகுமா?

போகாது. இரண்டும் ஒரே டர்னில் விழும். எல்லோருக்கும் பாரமான ஓய்வு டர்ன் ஸ்லேக்கிங்குக்கு ஏற்கெனவே இருக்கும் பாரம். லிலிகோவ் டிபார்ட்மென்ட் ஸ்டோரில் 7,500-க்குக் கிடைக்கும். பவர் 150, நார்மல் வகை என்பதால் இங்கே பிசிக்கல்.

இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். ஓய்வு டர்னில் மெனுவே திறக்காது: மருந்து போட முடியாது, மாற்ற முடியாது. மேலே சொன்ன வழிகள் எல்லாமே அடைபடும். 10 சதவீதம் தவறவும் செய்யும். அதனால் அடித்தால் நிச்சயம் விழும் என்ற எதிரிக்கு மட்டும். விழுந்துவிட்டால் ஷிஃப்ட் கேள்வி வரும், அங்கே மாற்றிக்கொள்ளலாம்.

நான்காம் தலைமுறையிலிருந்து ஹைப்பர் பீம் ஸ்பெஷலாகிவிட்டது. அங்கே இந்த வேலைக்கு ஜிகா இம்பாக்ட்.

ஒரே அடியில் விழாத எதிரி வந்தால்?

ஸ்லேக்கிங் தடுமாறும் இடம் இதுதான். வினோனாவின் 33-ஆம் லெவல் ஆல்டேரியாவை எடுத்துக்கொள்வோம். ஹெச்பி நூறு சொச்சம். 36-ஆம் லெவல் ஸ்லேக்கிங், முழு நட்பு ரிட்டர்ன், கையில் சில்க் ஸ்கார்ஃப். ஒரு அடியில் 80 முதல் 93 வரை போகும். ஸ்பீடிலும் முந்தும். ஆனால் பத்து, இருபது ஹெச்பி மிஞ்சி நிற்கும். அதே டர்னில் ஆல்டேரியா டிராகன் டான்ஸ் போடலாம். அடுத்தது உங்கள் சோம்பல் டர்ன். ஹெச்பி கால்வாசிக்குக் கீழே இறங்கிவிட்டதால் வினோனா ஹைப்பர் போஷன் எடுப்பார். மூன்றாம் டர்னில், ஏறிய அட்டாக்கோடும் முழு ஹெச்பியோடும் அதே ஆல்டேரியா.

வரிசையை மாற்றுங்கள். துணை முதலில் இறங்கி ஒரு 25, 30 ஹெச்பியைக் கழிக்கட்டும். அந்த அளவுக்கு லீடர்கள் மருந்து எடுப்பதில்லை. பிறகு ஸ்லேக்கிங்குக்கு மாறுங்கள். வரும் வழியில் ஒரு அடி படும், அந்த ஹெச்பிக்கு அது தாங்கும். அடுத்த டர்னில் ரிட்டர்ன், ஆல்டேரியா காலி. இரண்டு வழியிலும் மூன்று டர்ன்தான், ஆனால் இரண்டாவதில் ஹைப்பர் போஷனுக்கு இடமே இல்லை. ஒரே அடியில் விழுகிறவனுக்கு ஸ்லேக்கிங் முதல் ஆள். விழாதவனுக்குக் கடைசி ஆள்.

கையில் என்ன மாட்டுவது?

டியூஃபோர்டில் ஒருவர் தரும் சில்க் ஸ்கார்ஃப், நார்மல் அடிக்கு 10 சதவீதம் கூடுதல். நார்மனை வென்றபின் அம்மா தரும் அம்யூலெட் காயினையும் மாட்டலாம். வாங்கிக் குவிக்கும் போஷனுக்குப் பணம் அதிலேயே வந்துவிடும்.

எந்தத் துணை பொருந்தும்?

கோஸ்ட் வகை. ஸ்லேக்கிங்குக்கு ஒரே பலவீனம் ஃபைட்டிங், கோஸ்டுக்கு அது படவே படாது, நார்மலும் படாது. எமரால்டில் கிரானைட் கேவில் கிடைக்கும் சேபிலை இந்த ஆட்டங்களில் எந்த வகையுமே கூடுதலாக அடிக்காது. சோம்பல் டர்னில் எதிரி கராத்தே சாப் போடுவான் என்று தெரிந்தால் சேபிலை இறக்குங்கள், அவன் டர்ன் வீண்.

டபுள் பேட்டிலில்?

பக்கத்தில் ஒருவர் அடித்துக்கொண்டே இருப்பதால் சோம்பல் அவ்வளவாக உறுத்தாது. ஸ்கில் ஸ்வாப்பால் ட்ரூவண்டைத் துணையிடம் தள்ளிவிடலாம், வேலை செய்யும். ஆனால் அதற்கு ஒரு டர்ன் போகும், துணை சோம்பேறியாகிவிடும்; ஜிம் லீடர் ஜோடியான டேட், லைசா போன்ற நான்கே போக்கிமான் சண்டைக்கு அந்தச் செலவு கட்டுபடியாகாது. எர்த்க்வேக் துணையையும் அடிக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

பின்னால் வந்த தலைமுறைகளில் வொரி சீட், சிம்பிள் பீம் போட்டு ட்ரூவண்டை நீக்கலாம் என்று படித்திருப்பீர்கள். இரண்டுமே ட்ரூவண்ட் மேல் எடுபடாது. காஸ்ட்ரோ ஆசிட் எடுபடும். எட்டாம் தலைமுறையில் வந்த நியூட்ரலைசிங் கேஸ் அபிலிட்டியோடு வீசிங் களத்தில் நிற்கும்வரை ஸ்லேக்கிங் ஒவ்வொரு டர்னும் அடிக்கும்.

யாரிடம் இறக்கவே கூடாது?

எமரால்டில் எட்டாம் ஜிம் லீடரான ஹுவானின் 46-ஆம் லெவல் கிங்ட்ரா. டபுள் டீம் போட்டு ஏய்க்கும், ரெஸ்ட் போட்டு நிரப்பிக்கொள்ளும். தவறும் ஒவ்வொரு அடிக்கும் இரண்டு டர்ன் அபராதம். கட்டாயம் இறக்க வேண்டுமென்றால் தவறாத ஏரியல் ஏஸ். டிக், ஃப்ளை போட்டு மறையும் எதிரிகளும் இதே தலைவலி. அவர்கள் மறையும் டர்னும் உங்கள் சோம்பல் டர்னும் பொருந்தும்படி ஒரு டர்ன் மாறிக்கொள்ளுங்கள்.

எலீட் ஃபோர்?

சிட்னி முதலில் இறக்கும் மைட்டியேனாவுக்கு இன்டிமிடேட் உண்டு, ஸ்லேக்கிங்கை முன்னால் நிறுத்தினால் அட்டாக் மூன்றில் ஒரு பங்கு குறையும். டிரேக்கின் சாலமென்ஸ், எமரால்டு சாம்பியன் வாலஸின் கியராடோஸ் வரும்போதும் அதே. அவை இறங்கியபின் ஸ்லேக்கிங்கைக் கொண்டுவாருங்கள்.

ஃபீபியிடம் ஸ்லேக்கிங் ராஜா. அவருடைய ஷேடோ பால், ஷேடோ பஞ்ச் எதுவும் நார்மல் வகைக்குப் படாது, உங்கள் ஷேடோ பாலோ சேபிலை தவிர மற்றவற்றுக்கு இருமடங்கு. முதல் டஸ்க்லாப்ஸ் ப்ரொடெக்ட் போடும், ஒரு பானெட் வில்-ஓ-விஸ்ப் போடும். பர்ன் ஹீல் நாலைந்து வைத்திருங்கள், சோம்பல் டர்னில் போடலாம். கடைசி டஸ்க்லாப்ஸிடம் மட்டும் எர்த்க்வேக், ஐஸ் பீம் உண்டு. க்ளேசியாவிடம் கவனம், பெரும்பாலும் ஐஸ் வகை ஸ்பெஷல் அடி. ஹெச்பி பாதிக்குக் கீழே போக விடாதீர்கள்.

காட்டுப் போக்கிமான் பிடிக்க உதவுமா?

அடித்தால் செத்துவிடும். யான் போடுங்கள், அடுத்த டர்ன் முடிவில் எதிரி தூங்கிவிடும். பந்து எறிய ஸ்லேக்கிங் அசைய வேண்டியதே இல்லை, ஒவ்வொரு டர்னும் எறியலாம்.

ஸ்லேக்கிங் போலவே பலத்தைக் கட்டிப்போடும் அபிலிட்டி உள்ள ரெஜிஜிகாஸ், ஆர்க்கியாப்ஸுக்கும் இதே முறையா?

இல்லை. ரெஜிஜிகாஸின் கூட்டும் 670தான், ஆனால் ஸ்லோ ஸ்டார்ட் அதன் அட்டாக்கையும் ஸ்பீடையும் ஐந்து டர்னுக்குப் பாதியாக்கும், வெளியே எடுத்தால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. ஸ்லேக்கிங்குக்கு மாற்றுவது மருந்து என்றால் இதற்கு அது விஷம். இரண்டு மூன்று டர்னில் முடியும் வழிச் சண்டைகளில் அது பாதி பலத்தோடேயே முடித்துவிட்டுத் திரும்பும். ஆறு போக்கிமான் வைத்திருக்கும் லீடரிடம் மட்டும் முதலில் இறக்கி, ஐந்து டர்னையும் மருந்தாலும் எக்ஸ் அட்டாக்காலும் கடத்துங்கள். ஆர்க்கியாப்ஸின் டிஃபீட்டிஸ்ட், ஹெச்பி பாதிக்கு வந்ததும் அட்டாக்கையும் ஸ்பெஷல் அட்டாக்கையும் பாதியாக்கும். அங்கே டர்னை எண்ண வேண்டாம், பச்சைக் கோட்டைப் பாருங்கள். பாதியைத் தொடும்முன் போஷன்.